கலியாண வீடியோவை ஒரு டபுள் லேயர் டிஸ்க்கில போடுறதா, ரெண்டு சாதா டிஸ்க்கில போடுறதா?

அக்காவின்ர கலியாண வீடியோ எடிட் பண்ணி முடிய மொத்தம் 3 மணித்தியாலம் 10 நிமிஷம் வந்தது. பொன்னுருக்கல், தாலிகட்டு, பின்னேரம் ரிசெப்ஷன் எல்லாம் சேர்த்துத்தான். திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில இருக்கிற பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அண்டைக்கு மண்டபத்தில கனநேரம் இருக்க ஏலாம தாலி கட்ட முந்தியே வீட்ட போயிட்டா. அதால "தம்பி, எனக்கு முழுசாப் பாக்க வேணும், டிஸ்க்கில போட்டுத் தா ராசா" எண்டு கேட்டா. ஃபோனில பாக்க அவவுக்குக் கண் தெரியாது, வீட்டில ஒரு பழைய டிவிடி பிளேயர் கிடக்கு, அதின்ர ரிமோட் மட்டும்தான் பழக்கம். இந்த ஒரு டிஸ்க்குக்காக நான் மூண்டு கிழமை மினக்கெட்டன், அதுக்குப் பிறகு நிலாவெளிப் பக்கம் ரெண்டு பேர், உவர்மலையில ஒருத்தர் எண்டு இதே கேள்வியை என்னட்டக் கேட்டிட்டினம், அதால தெரிஞ்சதை எல்லாம் ஒரேயடியா எழுதுறன்.

முடிவை முதலே சொல்லிடுறன். டிஸ்க் எவ்வளவு கொள்ளும் எண்டு பாத்து முடிவெடுக்காதீங்கோ, அது எந்தப் பிளேயரில ஓடப்போகுது எண்டதில இருந்து தொடங்குங்கோ. பழைய பிளேயர் எண்டா ரெண்டு சாதா டிஸ்க். டபுள் லேயர், அதாவது ஒரே டிஸ்க்கில ரெண்டு படையா எழுதுறது, நல்ல சாமான்தான், ஆனா அது எங்க ஓடும் எங்க மல்லுக்கட்டும் எண்டு தெரிஞ்சு எடுக்க வேணும்.

கணக்கைப் பாருங்கோ. சாதா டிஸ்க் 4.7 ஜிபி, கொம்பியூட்டர் அதை 4.38 எண்டு காட்டும், கம்பனிக்காரன் ஆயிரத்தால பெருக்கி எழுதுறான், விண்டோஸ் 1024ஆல பிரிக்குது, அவ்வளவுதான், ஒருத்தரும் ஏமாத்தேல்ல. டபுள் லேயர் 8.5 ஜிபி, கொம்பியூட்டரில 7.95 மாதிரி வரும். எங்கட 3 மணி 10 நிமிஷத்தை ஒரு சாதா டிஸ்க்குக்குள்ள அமத்தினா, சத்தத்தையும் சேர்த்து ஒரு செக்கனுக்கு 3.3 மெகாபிட்தான் கிடைக்கும். டபுள் லேயர் எண்டா 6 மெகாபிட். ரெண்டு சாதா டிஸ்க்கில சரிபாதியாப் போட்டா 6.6. கவனிச்சுப் பாருங்கோ, ரெண்டு சாதா டிஸ்க் சேர்ந்தா 9.4 ஜிபி, அது ஒரு டபுள் லேயரை விடக் கூட.

3.3இல ஒருக்கா செய்து பாத்தன். ஆக்கள் சும்மா இருக்கிற இடங்கள் பரவாயில்ல, ஐயர் மந்திரம் சொல்லுற இடமும் பரவாயில்ல, ஆனா எல்லாரும் எழும்பி அறுகரிசி போடுற இடத்தில படம் கட்டம் கட்டமா உடையுது. டிவிடியில இருக்கிறது எம்பெக் 2 எண்ட பழைய முறை, ஒரே நேரத்தில ஆயிரம் சின்னச் சின்னப் பொருள் அசைஞ்சா அதுக்கு டேட்டா கனக்க வேணும், குடுக்காட்டி முகமெல்லாம் கரைஞ்சு போகும். அக்காவின்ர முகத்தை அப்பிடிப் பாக்க எனக்கு மனம் வரேல்ல. அதால ஒரு சாதா டிஸ்க்கில எல்லாத்தையும் அமத்துறது எண்ட யோசனையை அண்டைக்கே விட்டிட்டன். ஒண்டரை மணித்தியாலச் சாமத்திய வீட்டு வீடியோ எண்டா அது தாராளமாக் காணும், அவைக்கு இந்தக் கேள்வியே இல்ல.

இனி டபுள் லேயர் எப்பிடி வேலை செய்யுது எண்டு சொல்லுறன், ஏனெண்டா அது விளங்கினாத்தான் ஏன் சில பிளேயர் எடுக்குதில்ல எண்டு விளங்கும்.

டிவிடி எண்டது ஒரே பிளாஸ்டிக் தட்டு இல்ல, 0.6 மில்லிமீற்றர் தடிப்பில ரெண்டு தட்டை முதுகோட முதுகு ஒட்டி வச்ச மாதிரி. டேட்டா நடுவில இருக்கு. சாதா டிஸ்க்கில அந்த நடுவில ஒரு படைதான். டபுள் லேயரில ரெண்டு படை, ரெண்டுக்கும் இடையில வெளிச்சம் போகக்கூடிய ஒரு பசைப் படை, அது 0.055 மில்லிமீற்றர் அளவில, ஒரு தலைமயிர்த் தடிப்பு எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. முதலாவது படை அரைகுறைக் கண்ணாடி மாதிரி, லேசர் வெளிச்சத்தில கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், மிச்சத்தை உள்ளுக்கு விடும். ரெண்டாவது படை முழுக் கண்ணாடி. பின்னேரம் லைட்டைப் போட்டிட்டு ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாருங்கோ, உங்கட முகமும் தெரியும், வெளியில நிக்கிற வேப்பமரமும் தெரியும், எதைப் பாக்கிறது எண்டதைக் கண்தான் தீர்மானிக்கும். பிளேயருக்குள்ள இருக்கிற லென்ஸும் அப்பிடித்தான், ஒரு சின்னச் சுருள் அதை மேலயும் கீழயும் ஆட்டும், மேல் படையில ஃபோகஸ் பண்ணினா மேல் படை வாசிக்கும், கொஞ்சம் நகர்த்தினா கீழ்ப் படை. லேசர் ஒண்டுதான், 650 நனோமீற்றர் சிவப்பு லேசர், லென்ஸும் ஒண்டுதான்.

பிரச்சினை எங்க எண்டா திரும்பி வாற வெளிச்சத்தில. சாதா அச்சடிச்ச டிஸ்க் 45 முதல் 85 வீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ரெண்டு படை டிஸ்க் 18 முதல் 30 வீதம்தான். பாதிக்கும் குறைய. புது பிளேயருக்கு இது ஒரு பிரச்சினையே இல்ல, ஆனா லேசர் களைச்சுப்போன, லென்ஸில தூசி படிஞ்ச பிளேயருக்கு அது இருட்டில வாசிக்கிற மாதிரி. எங்கட ஊரில இதைக் கூடுதலா யோசிக்க வேணும், கடல் கிட்ட, உப்புக் காத்து, சாம்பல்தீவு நிலாவெளிப் பக்கம் ஜன்னல் கம்பியே ரெண்டு வருசத்தில துருப்பிடிக்குது, பிளேயருக்குள்ள இருக்கிற சாமான் மட்டும் எப்பிடிப் புதுசா இருக்கும்.

ரெண்டு படை எண்டா ரெண்டு மடங்கு 9.4 வரவேண்டியது, ஏன் 8.5 எண்டு கேப்பீங்கள். வெளிச்சம் குறைவா வாறதால வாசிக்க லேசாக்கோணும் எண்டு டேட்டாக் குழிகளைக் கொஞ்சம் நீட்டி வச்சிருக்கினம், சின்னக் குழி 0.40 மைக்ரோன் இருந்ததை 0.44 ஆக்கினவை. அந்தப் பத்து வீதம் அப்பிடிப் போச்சு.

இன்னொரு விசயம், படம் உள்ள டிஸ்க்கில லேசர் முதல் படையை உள்ளுக்க இருந்து வெளி விளிம்பு வரைக்கும் வாசிச்சிட்டு, அந்த விளிம்பிலயே ஃபோகஸை மாத்தி, ரெண்டாவது படையை வெளியில இருந்து உள்ளுக்கு வாசிச்சுக்கொண்டு திரும்பி வரும். அந்த மாறுற இடத்தைத்தான் லேயர் பிரேக் எண்டு சொல்லுறது. அந்த இடத்தில பிளேயர் ஒரு நொடி நிண்டுதான் போகும். சில பிளேயரில கண்ணுக்கே தெரியாது, சிலதில அரை செக்கன், பழசில கூட. அதோட மாற்றம் நடக்கிறது வெளி விளிம்பில, டிஸ்க் கொஞ்சம் வளைஞ்சிருந்தா ஆட்டம் கூடுற இடமும் அதுதான்.

சரி, நான் செய்ததுக்கு வாறன். முதல்ல டவுனில ஒரு கடையில டபுள் லேயர் இருக்கா எண்டு கேக்க, ஒண்டை எடுத்துத் தந்தினம், நானும் கவரை வடிவாப் பாக்காம வாங்கிட்டன், வீட்ட வந்து பாத்தா அது டிவிடி மைனஸ் ஆர் டிஎல். ரெண்டு படை எழுதுற டிஸ்க்கில ரெண்டு சாதி இருக்கு. பிளஸ் ஆர் டிஎல் 2004இல கடைக்கு வந்தது, மைனஸ் ஆர் டிஎல் அதுக்குப் பிந்தி. சாதா 4.7 டிஸ்க்கில மைனஸ்தான் பழைய பிளேயருக்கு ஒத்துப்போகும் எண்டு முந்தி எல்லாரும் சொல்லுறவை, அது சரி, ஆனா டபுள் லேயருக்கு வந்தா கதை தலைகீழ். ஏனெண்டா பிளஸ் ஆர் டிஎல் டிஸ்க்குக்கு புக் டைப் எண்ட ஒரு அடையாளத்தை மாத்தி எழுதலாம். ஒவ்வொரு டிஸ்க்கின்ர தொடக்கத்திலயும் நான் இன்ன சாதி டிஸ்க் எண்டு ஒரு குறிப்பு இருக்கும். பழைய பிளேயர் அதை வாசிச்சு, தெரியாத சாதி எண்டா டிஸ்க்கைத் தொடவே மாட்டுது. பிளஸ் ஆர் டிஎல்லில அந்தக் குறிப்பை டிவிடி ரொம் எண்டு, அதாவது பட்டறையில அச்சடிச்ச டிஸ்க் எண்டு எழுதி வைக்கலாம், கனக்க ரைட்டர்கள் அதைத் தாங்களாவே செய்யும். மைனஸில அது ஏலாது. நான் அந்த மைனஸ் டிஸ்க்கை எழுதி பெரியம்மா வீட்ட கொண்டுபோய்ப் போட, பிளேயர் கொஞ்ச நேரம் கிர் கிர் எண்டு சுத்திப்போட்டு நோ டிஸ்க் எண்டது.

ரெண்டாவது தரம் கொழும்பில இருந்து வந்த மச்சானிட்டச் சொல்லி வெர்பாட்டிம் பிளஸ் ஆர் டிஎல் எடுப்பிச்சன். டிஸ்க்கைச் செய்த கம்பனி எது எண்டு கவரில இருக்கிற பேர் மட்டும் சொல்லாது, இம்ஜ்பர்ன் எண்ட இலவச சொஃப்ட்வெயாரில டிஸ்க்கைப் போட்டா மீடியா ஐடி காட்டும், இந்த டிஸ்க்குக்கு எம்கேஎம் 003 எண்டு வந்தது, 8 எக்ஸ் வேகத்துக்குச் செய்த மிட்சுபிஷி டிஸ்க்கின்ர அடையாளம் அது. பிளஸ் டிஎல் எழுதுற எல்லாருக்கும் நான் சொல்லுறது, அந்த ஐடியைப் பாக்காம எழுதாதீங்கோ. எழுதுறதுக்கு 4 எக்ஸ் வச்சன், 26 நிமிஷம் அளவில முடிஞ்சது. 2.4 எக்ஸ் எண்டா முக்கால் மணித்தியாலம் கிட்ட. கறண்ட் போற ஊரில லப்டொப் பற்றரி முழுக்கச் சார்ஜ் இருக்கக்குள்ள எழுதுங்கோ, இது ஒருக்கா மட்டும் எழுதுற டிஸ்க், நடுவில நிண்டா குப்பைக்குத்தான். வெளியில செருகுற யுஎஸ்பி ரைட்டர் எண்டா இன்னொண்டு, பழைய லப்டொப்பின்ர யுஎஸ்பி 2 ஓட்டை ஒண்டு 500 மில்லி அம்பியர்தான் குடுக்கும், எழுதக்குள்ள லேசருக்கு அது காணாமல் போகலாம், அதுக்குத்தான் சில ரைட்டரோட ரெண்டு தலை உள்ள வயர் தாறது, ரெண்டையும் செருகுங்கோ. ரைட்டர் டபுள் லேயர் எழுதுமா எண்டு அதின்ர முகப்பிலயே டிவிடி பிளஸ் ஆர் டிஎல் எண்டு அடிச்சிருக்கும். வாசிக்கிறது எண்டா அநேகமா எல்லா கொம்பியூட்டர் டிரைவும் வாசிக்கும், அங்க எனக்கு ஒரு நாளும் கரைச்சல் வரேல்ல.

எங்கட வீட்டுப் பிளேயரில போட்டுப் பாத்தம். அம்மா, அக்கா, அத்தான் எல்லாரும் இருந்து பாக்கினம், படம் நல்ல வடிவு, அறுகரிசி ஒவ்வொண்டாத் தெரியுது. அத்தான் தாலியைக் கையில எடுக்கிறார், கெட்டிமேளம் தொடங்குது, அப்ப படம் நிண்டிட்டு. ஒரு செக்கன் கூட இல்ல, ஆனா மேளமும் நாதஸ்வரமும் வெட்டினது மாதிரி நிண்டு பிறகு தொடருது. அம்மாவின்ர முகம் சுருங்கிப்போச்சு. லேயர் பிரேக் சரியா 1 மணி 35 நிமிஷத்துக்குக் கிட்ட, தாலிகட்டின்ர நடுவில போய் விழுந்திருக்கு.

இதைத்தான் கடைக்காரரும் வீடியோ எடுக்கிறவையும் ஆருக்கும் சொல்லுறதில்ல, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். படத்தை டிஸ்க்கின்ர முழுக் கொள்ளளவுக்கும் முட்ட நிரப்பினா ரெண்டு படையும் நிறைஞ்சுதான் இருக்க வேணும், அப்ப பிரேக் சரிபாதியிலதான் விழும், நகர்த்த இடமே இல்ல. முதல் படை ரெண்டாவது படையை விடச் சின்னதா இருக்கவும் கூடாது எண்டது விதி. ஆனா படத்தை 8.5இல இருந்து 7.4 ஜிபிக்குக் குறைச்சா, முதல் படையில 3.7க்கும் 4.27க்கும் இடையில எங்க வேணுமெண்டாலும் பிரேக்கை வைக்கலாம், எங்கட வீடியோவில அது 1 மணி 35 நிமிஷத்தில இருந்து 1 மணி 49 நிமிஷம் வரைக்கும் உள்ள இடம். எடிட் பண்ணக்குள்ள அந்த இடைவெளியில, தாலிகட்டு முடிஞ்சு படம் கறுத்துப் போற இடத்தில ஒரு சாப்டர் போட்டுவிட்டன், இம்ஜ்பர்ன் எழுத முந்தி எந்தச் சாப்டரில பிரேக் வைக்கிறது எண்டு ஒரு பட்டியல் காட்டிக் கேக்கும், அதைத் தெரிஞ்சன். கறுப்புத் திரையில அரைச் செக்கன் நிண்டா ஆருக்கும் தெரியாது. எங்கட வீட்டில அதுக்குப் பிறகு ஒரு குறையும் இல்ல. கோயில் திருவிழா, பரதநாட்டிய அரங்கேற்றம் எது எண்டாலும் இப்பிடித்தான் செய்ய வேணும், சாமி வெளிவீதி வாற நேரம், பிள்ளை தில்லானா ஆடுற நேரம் பாத்துப் படம் நிக்கக் கூடாது.

அந்த டிஸ்க்கோட பெரியம்மா வீட்ட போனன். தொடங்கினது, பொன்னுருக்கல் ஓடினது, தாலிகட்டும் ஓடினது, நானும் சந்தோசப்பட்டன். கறுப்புத் திரை வந்துது. கறுப்பாவே நிண்டிட்டு. பிளேயருக்குள்ள லென்ஸ் டிக் டிக் டிக் எண்டு ரெண்டாவது படையைத் தேடுற சத்தம் கேக்குது, கிடைக்கேல்ல. அங்கயே பெரியம்மாவின்ர ஒரு ஒரிஜினல் படச் சீடி, அதாவது ரெண்டு படை உள்ள அச்சடிச்ச டிவிடி, போட்டுப் பாத்தன், அது கடைசி மட்டும் ஓடுது. அப்ப பிளேயருக்கு ரெண்டு படை தெரியாது எண்டில்ல. அச்சடிச்ச டிஸ்க்கில உண்மையான குழிகள், எழுதின டிஸ்க்கில சாயத்தை லேசரால சுட்டு உண்டாக்கின அடையாளங்கள், அதின்ர சிக்னல் தெளிவு குறைவு, மேல் படையின்ர சாயத்தையும் தாண்டிக் கீழ்ப் படையை வாசிக்கப் பழைய லேசருக்குச் சக்தி காணேல்ல. அதால ஒரிஜினல் படம் ஓடுது எண்டு சொல்லி ஆராவது உங்களுக்கு உறுதி தந்தா நம்பாதீங்கோ, எழுதின டிஸ்க்கைக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்தாத்தான் உறுதி. கொம்பியூட்டரில வெரிஃபை, அதாவது எழுதினதைத் திருப்பி வாசிச்சுச் சரிபாக்கிறது, சரி எண்டு வந்ததும் அந்தப் பிளேயருக்கான உறுதி இல்ல.

கடைசியா ரெண்டு சாதா டிவிடி மைனஸ் ஆர் எடுத்தன். சரிபாதியா வெட்டேல்ல, தாலிகட்டும் ஆசீர்வாதமும் முடியிற இடத்தில வெட்டினன், முதலாவதில 1 மணி 50 நிமிஷம், ரெண்டாவதில 1 மணி 20 நிமிஷம். முதலாவதுக்கு 5.7 மெகாபிட்தான் கிடைச்சது, முட்ட நிரப்பின டபுள் லேயரை விடக் கொஞ்சம் குறைவு, ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தும் எனக்கு வித்தியாசம் தெரியேல்ல. டிஸ்க் வாங்குறதும் லேசு, ஒரு டபுள் லேயர் வாங்குற காசுக்கு சாதா டிஸ்க் கனக்க வாங்கலாம், பிழைச்சாலும் நெஞ்சு வலிக்காது. ஒரே குறை நடுவில எழும்பி டிஸ்க் மாத்த வேணும்.

பென் டிரைவ் ஏன் யோசிக்கேல்ல எண்டு அத்தான் கேட்டார். புது டிவி உள்ளவைக்கு அதுதான் நல்லம், எம்பி4 ஆக்கிப் போட்டா டிஸ்க்கை விடத் தெளிவு, லேயரும் இல்ல ஒண்டும் இல்ல. பழைய பிளேயரின்ர யுஎஸ்பி ஓட்டை அப்பிடி இல்ல, எம்பி4இல வழமையா இருக்கிற எச் 264 வீடியோவை அது அநேகமா எடுக்காது, பென் டிரைவும் அநேகமா எஃப்ஏடி 32 ஃபோர்மட்டில இருந்தாத்தான் எடுக்கும், அந்த ஃபோர்மட்டில ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக ஏலாது. பெரியம்மாவின்ர பிளேயரில யுஎஸ்பி ஓட்டையே இல்ல.

வச்சிருக்கிறதுக்கு எண்டா நான் எந்த எழுதின டிஸ்க்கையும் தனிய நம்ப மாட்டன், டபுள் லேயரை இன்னும் குறைய. ஒரிஜினல் ஃபைலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில வச்சிருக்கிறன், ஒண்டு எங்கட வீட்ட, ஒண்டு மாமா வீட்ட. டிஸ்க்குகளுக்குக் கடதாசி ஸ்டிக்கர் ஒட்டாதீங்கோ, எங்கட ஈரக் காத்துக்கு ஸ்டிக்கர் ஒரு பக்கம் சுருங்கி டிஸ்க்கை வளைக்கும், நடு வளையத்துக்குக் கிட்ட மார்க்கரால எழுதினாக் காணும். டிவிக்கு மேல வெயில் படுற இடத்தில வைக்காம பெட்டியில நிமித்தி வையுங்கோ.

கனடாவுக்கு அனுப்புறவை ஒண்டைக் கவனியுங்கோ. டிவிக்கு இலங்கையில பாவிக்கிறது பால் (PAL) எண்ட முறை, 720க்கு 576, செக்கனுக்கு 25 ஃபிரேம். கனடாவில என்டிஎஸ்சி (NTSC) எண்ட வேற முறை. லண்டன், சுவிஸ் எண்டா எங்கட டிஸ்க் அப்பிடியே ஓடும், டொரொண்டோவில கனக்கப் பிளேயர் பால் டிஸ்க்கை எடுக்காது, சித்தப்பாவுக்கு அனுப்பக்குள்ள அதை என்டிஎஸ்சிக்கு மாத்தித்தான் எழுதினன், அவருக்கு மட்டும் பிளஸ் டபுள் லேயர். அவரிட்ட இருக்கிறது புது ப்ளூரே பிளேயர், கடைசி மட்டும் தடங்கல் இல்லாம ஓடினது எண்டு வீடியோ கோலில காட்டினார்.

பெரியம்மாவின்ர ரெண்டு டிஸ்க்கிலயும் பெரிசா 1, 2 எண்டு எழுதிக் குடுத்தன். போன ஞாயிறு போகக்குள்ள முதலாவது முடிஞ்சு மெனு ஓடிக்கொண்டிருந்தது, அவ குசினிக்குள்ள தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டா. "ரெண்டாவதைப் போடு தம்பி, நான் வாறன்" எண்டா.